பிளிட்ஸ் வந்தா பந்தை எங்க போடுறது? மேடன் கேமும் அரை மணி நேரப் பயிற்சியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த வரிகளை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஃபுட்பால் பத்தி. உடனே மெஸ்ஸி, ரொனால்டோன்னு நினைச்சுடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட் மாட்டி, தோள்ல பேடு கட்டி, ரெண்டு பக்கமும் கூரா இருக்கிற பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஆட்டம். அதையும் மைதானத்துல ஆடுறது இல்ல, சோஃபாவுல உட்கார்ந்து கண்ட்ரோலர்ல ஆடுறது. 'மேடன்' வீடியோ கேம்.

இந்த டாபிக் எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுறேன். அமெரிக்காவுல மாஸ்டர்ஸ் படிக்கிற ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். போன வருஷம் போயிருக்கார். மூணு அமெரிக்கப் பசங்களோட ஒரே வீட்டுல இருக்கார். ஞாயித்துக்கிழமை ஆனா அந்த மூணு பேரும் ஹால்ல உட்கார்ந்து மேடன் ஆடுவாங்களாம். இவரும் ஆர்வமா போய் உட்கார்ந்து கத்துக்கிட்டார். ஆனா அதுல ஒரு பையன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பிளிட்ஸ் அனுப்புறான். இவர் பந்தை எறியிறதுக்குள்ள ஆள் வந்து விழுந்துடறான். ஒரு மேட்ச்ல எட்டு தடவை அப்படி ஆச்சாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். மெயிலோட கடைசி வரி இது: "அண்ணா, இப்பல்லாம் ஞாயித்துக்கிழமை ரூம்லயே சாப்பிட்டுக்கிறேன்."

கேம்ல தோத்தா என்ன, விட்டுத் தள்ளுன்னு சொல்லிட்டுப் போகலாம். ஆனா புது ஊருல, நாலு பேரோட சேர்ந்து உட்கார ஒருத்தருக்குக் கிடைச்ச ஒரே இடம் அந்த ஹால். அதனால இந்தக் கேள்வியை முழுசா எடுத்துப் பார்ப்போம். அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களும் கூட வரலாம். அடிப்படையில இருந்தே போறேன்.

பிளிட்ஸ்னா என்ன?

ஆட்டம் ரொம்ப சிம்பிள். பந்து வச்சிருக்கிற டீமுக்கு நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் பேரு 'டவுன்'. அந்த நாலுக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முன்னேறினா மறுபடி புதுசா நாலு வாய்ப்பு. இல்லன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும்.

பந்தை எறியிற ஆளுக்குப் பேரு குவாட்டர்பேக். கேம்ல பெரும்பாலும் நம்ம கையில இருக்கிறது இவர்தான். இவருக்கு முன்னாடி அஞ்சு பெரிய ஆட்கள் சுவர் மாதிரி நிப்பாங்க. நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ஓரத்துல ரெண்டு டாக்கிள். இவங்க வேலை தடுக்கிறது மட்டும்தான். மீதி அஞ்சு பேர், அதாவது ரிசீவர், டைட் எண்ட், ரன்னிங் பேக் எல்லாரும், ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்கலாம். 1 + 5 + 5, மொத்தம் 11.

எதிர்ல டிஃபென்ஸும் 11 பேர். சாதாரணமா அதுல நாலு பேர் குவாட்டர்பேக்கைப் பிடிக்க வருவாங்க. மீதி ஏழு பேர் பின்னாடி நின்னு, பந்து பிடிக்க ஓடுறவங்களைக் காவல் காப்பாங்க. இந்த நாலு அஞ்சாகி, ஆறாகி, ஏழாகி வந்தா அதுதான் பிளிட்ஸ். பின்னாடி காவல் நிக்க வேண்டிய லைன்பேக்கரோ, சேஃப்டியோ, கார்னர்பேக்கோ காவலை விட்டுட்டு நேரா குவாட்டர்பேக் மேல பாய்வாங்க. 'பிளிட்ஸ்'ங்கிறது மின்னலுக்கான ஜெர்மன் வார்த்தை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல செய்தித்தாள்கள்ல அடிபட்ட வார்த்தை, அப்புறம் மைதானத்துக்கு வந்துருச்சு.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். கேப்டன் மூணு ஸ்லிப், ஒரு கல்லி, ஒரு ஷார்ட் லெக்னு பேட்ஸ்மேனைச் சுத்தி ஆளை நிறுத்துறார். பார்க்கவே பயமா இருக்கும். ஆனா இருக்கிறதே 11 பேர்தானே? இங்க கூட்டம் கூடினா அங்க பவுண்டரில ஆள் குறையும். பிளிட்ஸும் அதே கதைதான்.

22 பேர் ஏன் முக்கியம்?

ஒரு சின்ன வரலாறு. இந்த கேமுக்குப் பேர் கொடுத்த ஜான் மேடன், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் டீமோட கோச்சா இருந்து சூப்பர் பவுல் ஜெயிச்சவர். கோச் வேலையை விட்டப்புறம் டிவி வர்ணனையாளரா பெரிய பேர் வாங்கினார். விமானம்னா அவருக்கு ஆகாது. எங்க போனாலும் ரயில் இல்லன்னா பஸ். 1984-ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனர் டிரிப் ஹாக்கின்ஸ் அவரை ஒரு ரயில் பயணத்துல பிடிச்சு உட்கார வச்சு கேம் பத்திப் பேசினார்.

அன்னைக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு 22 ஆட்களைத் திரையில ஓட விடுறது பெரிய சுமை. அதனால ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் வச்சுப் பண்ணலாம்னு யோசனை இருந்துச்சு. மேடன் ஒத்துக்கல. பக்கத்துக்கு 11 பேர் இல்லன்னா அது ஃபுட்பாலே இல்ல, என் பேரைப் போடாதீங்கங்கிற மாதிரி நின்னுட்டார். அதனால கேம் வெளிவர 1988 ஆச்சு. ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்ல முதல்ல வந்துச்சு.

அந்தப் பிடிவாதம் நமக்கு ஏன் முக்கியம்னா, 11 பேரும் திரையில இருக்கிறதாலதான் பிளிட்ஸுக்கு ஒரு விலை இருக்கு. ஒரு ஆள் முன்னாடி வந்தா, பின்னாடி ஒரு இடம் காலி ஆகியே தீரணும். கோட் எழுதுறவங்க பாஷைல சொன்னா, டோட்டல் எப்பவும் கான்ஸ்டன்ட். ஒரு வேரியபிள் ஏறினா இன்னொண்ணு இறங்கும்.

ஒரே ஒரு கணக்கு

இப்ப ஒரு கணக்கு போடுவோம். பேப்பர் வேண்டாம், மனசுலயே போடலாம்.

நாலு பேர் வர்றாங்க, நம்ம சுவர் அஞ்சு பேர். பிரச்சினை இல்ல. அஞ்சு பேர் வந்தா ஆளுக்கு ஆள் சரி. ஆறு பேர் வந்தா? ஒருத்தரைத் தடுக்க ஆள் இல்ல. சரி, ரன்னிங் பேக்கைத் தடுக்கச் சொல்லி நிறுத்துவோம். ஆறுக்கு ஆறு. இப்ப நமக்கு ஓடுறதுக்கு நாலு பேர்தான் மிச்சம். அவங்ககிட்ட 11-ல 6 போக, காவலுக்கு அஞ்சு பேர் இருக்காங்க. ஏழு பேர் வந்தா டைட் எண்டையும் நிறுத்துவோம். ஏழுக்கு ஏழு. ஓடுறது மூணு பேர், காவல் நாலு பேர்.

கவனிச்சீங்களா? எத்தனை பேரை நிறுத்தினாலும் அவங்ககிட்ட ஒரு ஆள் கூடுதலாவே இருக்கார். காரணம், நம்ம 11 பேர்ல குவாட்டர்பேக் தடுக்கிறதும் இல்ல, ஓடிப் பிடிக்கிறதும் இல்ல. பந்தை வச்சுக்கிட்டு நிக்கிறார். அதனால அந்த ஒரு கூடுதல் ஆளை நம்மால ஒழிக்க முடியாது. அந்த ஆள் எங்க இருக்கணும்ங்கிறதை மட்டும் ஓரளவுக்கு நாம முடிவு பண்ணலாம். எல்லாரையும் தடுத்துட்டா அந்த ஆள் பின்னாடி காவல்ல இருப்பார். நேரம் கிடைக்கும், ஆனா பந்து போட இடம் குறையும். நாம தடுக்கிறதுக்கு ஆள் குறைச்சா அந்த ஆள் நம்ம மேல பாய்வார். இடம் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

பிளிட்ஸ்ல தடுமாறுற பெரும்பாலான பேர் ரெண்டையும் ஒரே சமயத்துல எதிர்பார்க்கிறாங்க. அஞ்சு பேரையும் ஓட விட்டுட்டு, நேரமும் வேணும்னு நிக்கிறாங்க. அதனாலதான் ஆள் வந்து விழுறான். ஸ்னாப்புக்கு முன்னாடியே, அதாவது பந்து சென்டர் கையில இருந்து வர்றதுக்கு முன்னாடியே, "எனக்கு நேரமா, இடமா?"ன்னு முடிவு பண்ணியிருக்கணும்.

மூணு பதில்

முதல் பதில், தடுக்கிறது. மேடன்ல ஸ்னாப்புக்கு முன்னாடி ரன்னிங் பேக்கைத் தடுக்கச் சொல்லி மாத்தலாம். சுவர் முழுசையும் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய வைக்கலாம், அதுக்குப் பேரு ஸ்லைடு புரொடெக்ஷன். இதுல ஒரு பொது விதி இருக்கு: உள்ள இருந்து வெளிய. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை ஏ கேப்னு சொல்வாங்க. கார்டுக்கும் டாக்கிளுக்கும் நடுவுல பி கேப். டாக்கிளுக்கு வெளிய சி கேப். ஏ கேப்ல வர்றவர்தான் நமக்கு ரொம்பப் பக்கம், நேர்கோட்டுல வர்றார். அவரை முதல்ல அடைக்கணும். யாரையாவது விட்டே ஆகணும்னா, ஓரத்துல இருந்து வளைஞ்சு வர்றவரை விடுங்க. அவருக்குத் தூரம் அதிகம். அந்த அரை வினாடி நமக்குப் போதும்.

ரெண்டாவது பதில், சீக்கிரம் எறியிறது. தடுக்க ஆள் இல்லாம வர்ற ஒருத்தர் ரெண்டு வினாடி சொச்சத்துல குவாட்டர்பேக்கைத் தொட்டுடுவார். அதுக்குள்ள பிடிக்கிற மாதிரி ஓட்டங்கள் சிலதுதான் இருக்கு. ஸ்லாண்ட், ரெண்டு மூணு அடி நேரா ஓடி உள்பக்கமா சாய்வா வெட்டுறது. டிராக், மைதானத்துக்குக் குறுக்கே தாழ்வா ஓடுறது. ஃபிளாட், ரன்னிங் பேக் பக்கவாட்டுல வெளிய ஓடுறது. ஹாட் ரூட்ங்கிற வசதி மூலமா யாரோட ஓட்டத்தையும் ஸ்னாப்புக்கு முன்னாடி இப்படி மாத்திக்கலாம். யாருக்குப் போடுறது? பாயப் போற லைன்பேக்கர் முதல்ல எங்க நின்னாரோ, அந்தக் காலி இடத்துக்கு ஓடுற நம்ம ஆளுக்கு. ஸ்லாண்ட் போடும்போது பட்டனை அமுக்கிப் பிடிங்க, பந்து நேரா வேகமா போகும். தட்டி விட்டா வானத்துல மிதந்து போகும், அதைப் பறிக்கிறது ஈஸி.

மூணாவது பதில், அவங்க வேகத்தையே நமக்குச் சாதகமா எடுத்துக்கிறது. ஸ்கிரீன் பாஸ். வர்றவங்களை வர விட்டு, அவங்க தலைக்கு மேல ரன்னிங் பேக்குக்குச் சின்னதா ஒரு பாஸ். ஆறு பேர் நம்மகிட்ட வந்துட்டாங்கன்னா அவருக்கு முன்னாடி மைதானம் திறந்து கிடக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். ஆள் வர்றதைப் பார்த்ததும் கை தானா ஸ்டிக்கைக் கீழ இழுக்கும், குவாட்டர்பேக் பத்து பதினஞ்சு யார்டு பின்னாடி ஓடுவார். அதைப் பண்ணாதீங்க. நம்ம டாக்கிள்கள் குவாட்டர்பேக் எங்க நிப்பார்னு கணக்கு வச்சுதான் ஓரத்துல வர்றவங்களை வெளிப்பக்கம் தள்ளுறாங்க. நீங்க பின்னாடி போனா, தள்ளிவிட்ட ஆளுக்கு நேர் வழி நீங்களே போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். ஒரு அடி முன்னாடி வாங்க. ஒண்ணும் முடியலன்னா டாக்கிளுக்கு வெளிய ஓடி வந்து பந்தைக் கோட்டுக்கு வெளிய எறிஞ்சிடுங்க. ஒரு டவுன் போகும், யார்டு போகாது.

இதெல்லாம் கேமுக்கு மட்டும்தான் பொருந்தும்னு நினைக்க வேண்டாம். 1985-ல சிகாகோ பேர்ஸ் டீம் '46' டிஃபென்ஸ்னு ஒண்ணு ஆடுச்சு. அந்த வருஷம் குவாட்டர்பேக்குகளுக்கெல்லாம் அது கெட்ட கனவு. 12 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சுட்டு டிசம்பர் 2-ம் தேதி மியாமி டால்ஃபின்ஸ்கிட்ட வந்தாங்க. 38-24, பேர்ஸ் தோத்தாங்க. மியாமியோட குவாட்டர்பேக் டான் மரினோ, பந்தைக் கையில இருந்து விடுற வேகத்துக்குப் பேர் போனவர். மியாமி மூணு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தினாங்க. பாயிறதுக்கு வச்சிருந்த ஆட்களைக் காவலுக்குப் போக வச்சாங்க. பேர்ஸ் அந்த சீசன் முழுக்கத் தோத்தது அந்த ஒரு மேட்ச்தான். அப்புறம் சூப்பர் பவுல்ல 46-10னு ஜெயிச்சாங்க. நான் சொன்ன கணக்குதான் அங்கயும் ஓடியிருக்கு.

பிராக்டிஸ் மோட்: பக்-ஐ ரீப்ரொடியூஸ் பண்ணுங்க

தெரிஞ்சுக்கிட்டது போதுமான்னா, போதாது. ரெண்டு வினாடில யோசிக்க முடியாது, கை பழகியிருக்கணும். "நிறைய மேட்ச் ஆடு, தானா வந்துரும்"னு சொல்வாங்க. எனக்கு இதுல நம்பிக்கை இல்ல.

ஆபீஸ்ல ஒரு பக் வருது. எப்பவாவது ஒரு தடவைதான் வருது. அதை எப்படி சரி பண்ணுவோம்? முதல்ல அதை நாம நினைச்சப்ப வர வைக்கணும். வர வைக்க முடியலன்னா சரி பண்ணவும் முடியாது. மேட்ச்ல பிளிட்ஸ் பத்து பிளேவுல ரெண்டு மூணு தடவை வரும். வந்ததும் ஆள் விழுவான், ஸ்கோர் போகும், பதட்டம் ஏறும், அடுத்த பிளே வந்துடும். என்ன நடந்துச்சுன்னு பார்க்கவே நேரம் இருக்காது. பிராக்டிஸ் மோட்ல நம்ம பிளேவையும் எதிர் டிஃபென்ஸ் பிளேவையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். அதே பிளிட்ஸை இருபது தடவை வர வைக்கலாம். ஸ்கோர் இல்ல, சிரிக்க ஆள் இல்ல.

அரை மணி நேரம், நாலு கட்டம். எழுதிக்கோங்க.

முதல் கட்டம், பார்க்கிறது மட்டும். நம்ம பக்கம் ஒரே ஒரு பிளே, எதிர்ல ஒரே ஒரு பிளிட்ஸ். பத்து ஸ்னாப். பந்தை எறியவே கூடாது. யார் தடுக்கப்படாம வர்றார், எந்த கேப் வழியா வர்றார், அவர் எந்த இடத்தைக் காலி பண்ணிட்டு வந்தார். இது மூணுக்கும் பதில் கிடைக்கணும். பத்து தடவையும் குவாட்டர்பேக் அடி வாங்குவார், வாங்கட்டும். "எங்க இருந்தோ வந்தான்" போய், "இடப்பக்க பி கேப்ல அந்த லைன்பேக்கர் வந்தார்"னு சொல்ல முடிஞ்சா இந்தக் கட்டம் முடிஞ்சுது.

ரெண்டாவது கட்டம், எண்ணுறது. ஸ்னாப்புக்கு முன்னாடி வாய் விட்டுச் சொல்லுங்க. கோட்டுக்குப் பக்கத்துல எத்தனை பேர் நிக்கிறாங்க? ஆழத்துல சேஃப்டி ரெண்டு பேரா, ஒருத்தரா, யாருமே இல்லையா? யாருமே இல்லன்னா பெரிய பிளிட்ஸுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு ரிசீவரை மோஷன்ல பக்கம் மாத்தி ஓட விடுங்க. எதிர்ல ஒருத்தர் அவர் பின்னாடியே குறுக்கே ஓடினா, பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல்னு அர்த்தம். இதுவும் பத்து ஸ்னாப். வாய் விட்டுச் சொல்றது கிறுக்குத்தனமா இருக்கும். ஆனா அப்பதான் கண் பார்க்கிறது ஒழுங்குக்கு வரும்.

மூணாவது கட்டம், ஒரே பதில். இப்ப எறியலாம். ஆனா ரெண்டு வினாடிக்குள்ள, குட்டையான ஓட்டத்துக்கு மட்டும். ஆழமா ஒரு பந்து கூட போடக் கூடாது. முதல் பத்து ஸ்னாப் ஹாட் ரூட்டோட. அடுத்த பத்து, ரன்னிங் பேக்கைத் தடுக்க நிறுத்தி. பத்துல எத்தனை பிடிச்சாங்கன்னு எண்ணுங்க. ஏழு வந்தா அடுத்த கட்டத்துக்குப் போங்க.

நாலாவது கட்டம், கலந்து அடிக்கிறது. இதுதான் பெரும்பாலும் யாரும் பண்ணாத கட்டம். ஒரே பிளிட்ஸை இருபது தடவை ஆடினா நமக்கு ரொம்ப வந்துட்ட மாதிரி இருக்கும். ஆனா அடுத்து அதேதான் வரும்னு தெரிஞ்சே ஆடுறோம். மேட்ச்ல அது தெரியாது. 1979-ல ஷே, மார்கன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணினாங்க. கையை மூணு விதமா நகர்த்தி, வரிசையா வச்ச சின்னத் தடுப்புகளைத் தட்டிச் சாய்க்கணும். ஒரு குழு ஒரு விதத்தை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போச்சு. இன்னொரு குழு மூணையும் கலந்து கலந்து பண்ணுச்சு. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகமா பண்ணுச்சு. அப்புறம் வச்ச பரீட்சைல கலந்து பழகின குழு முந்திடுச்சு. கலந்து பழகும்போது மோசமா ஆடுற மாதிரி தெரியும். அதுக்காக விட்டுடாதீங்க.

அதனால மூணு பிளே வச்சுக்கோங்க. ஒண்ணு நிஜ பிளிட்ஸ். ஒண்ணு சாதாரண நாலு பேர். மூணாவது, பிளிட்ஸ் மாதிரி நின்னுட்டுப் பின்வாங்குறது. வீட்டுல யாராவது இருந்தா அவங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. இல்லன்னா பகடை உருட்டிப் பிளேவைப் போட்டுட்டு, இடைல வேற வேற பக்கம் சாய்ச்சு மாத்துங்க. என்ன வரும்னு நிச்சயமா தெரியாத நிலைமை வேணும், அவ்ளோதான்.

பதிலுக்கும் ஒரு பொறி உண்டு

அந்த மூணாவது பிளே ஏன்னா, பிளிட்ஸுக்குச் சீக்கிரம் எறியிறதுதான் பதில்னு எதிர் டீமுக்கும் தெரியும். டிக் லெபோங்கிற கோச் 1980-கள்ல சின்சினாட்டி பெங்கால்ஸ் டீம்ல 'ஜோன் பிளிட்ஸ்'ங்கிறதை வளர்த்தெடுத்தார். லைன்பேக்கர் பாய்வார், குவாட்டர்பேக் அந்தக் காலி இடத்துக்கு ஸ்லாண்ட் போடுவார். ஆனா அங்க ஒரு பெரிய உருவம் நிக்கும். முன்வரிசைல இருந்து பாய வேண்டிய ஆள், பாயாம பின்வாங்கி அந்த இடத்துல நின்னிருப்பார். பந்து அவர் கையில போய் விழும். வர்றது அஞ்சு பேர்தான், ஆனா எந்த அஞ்சு பேர்னு தெரியாது.

மேடன்லயும் இது இருக்கு. அதனால ஸ்னாப் ஆன உடனே ஒரு பார்வை. நம்ம ஸ்லாண்ட் போற பாதைல ஆள் வந்து நிக்கிறாரா? நின்னா அடுத்த ஆள், ஃபிளாட்ல ஓடுற ரன்னிங் பேக். ரெண்டாவது ஆள் யாருன்னு ஸ்னாப்புக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

"இது சீஸ் இல்லையா?"

மேடன் ஆடுறவங்க நடுவுல 'சீஸ்'னு ஒரு வார்த்தை உண்டு. கேமோட ஓட்டையைப் பிடிச்சு அதே பிளேவைத் திரும்பத் திரும்ப அடிக்கிறது. சில பிளிட்ஸ் உண்மையிலேயே அந்த ரகம்தான். ஆட்களை ஸ்னாப்புக்கு முன்னாடி இங்க அங்க நகர்த்தி வச்சு, தடுக்கிற ஏஐ குழம்பிப் போய் ஒருத்தரைத் தொடாமலே விட்டுடும். அஞ்சு பேர் வந்து அஞ்சு பேர் தடுத்தாலும் ஒருத்தர் சும்மா நடந்து வருவார். இதை 'நானோ பிளிட்ஸ்'னு சொல்வாங்க. கோபம் வர்றது நியாயம்தான்.

ஆனா அங்கயும் மைதானத்துல 11 பேர்தான். தொடாம வந்தவர் ஒரு இடத்தைக் காலி பண்ணிட்டுதான் வந்திருக்கார். முதல் கட்டத்துல நாம பார்க்கிறதே அதைத்தான். எப்பவும் ஒரே இடத்துல இருந்து வர்றார்னா, எப்பவும் ஒரே இடம் காலி. ஒரே பிளேவைத் திரும்ப அடிக்கிறவரைப் பழகுறதுதான் இருக்கிறதுலயே ஈஸி.

அந்த மெயில் அனுப்பின தம்பிக்கு இங்க ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு இருக்கிற சிக்கல் ஒரே பிளிட்ஸ், ஒரே ஆள். இது நாலஞ்சு நாள் வேலை. ஆனா தனியா ரூம்ல உட்கார்ந்து பழகி, ஒரு நாள் திடீர்னு போய் அவனை ஜெயிக்கணும்னு திட்டம் போடாதீங்க. இன்னைக்கே அந்தப் பையன்கிட்ட போய், "அந்த பிளிட்ஸ் பேர் என்ன, எப்படி செட் பண்ற?"ன்னு கேளுங்க. ஒரு கேமை நல்லா ஆடுறவங்களுக்கு அதை விளக்கிச் சொல்றதுல ஒரு சந்தோஷம் இருக்கு. பாதிப் பேர் கேக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுவாங்க. "பிராக்டிஸ் மோட்ல பதினஞ்சு நிமிஷம் நீ டிஃபென்ஸ் எடு"ன்னு கேளுங்க. நாலாவது கட்டத்துக்கு ஆள் தேவைன்னு சொன்னேனே, அது அவர்தான். அவர் சொல்லிக் கொடுத்துட்டா உங்களுக்கு எதிரா அது வேலை செய்யாம போகலாம், அது அவருக்கும் தெரியும். அப்படியும் சொல்லித் தருவார்னுதான் நான் நினைக்கிறேன். சிரிச்சவங்க எல்லாரும் உங்களை வேண்டாம்னு சிரிக்கல. அந்த ஊர்ப் பசங்க ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் ஓட்டிக்கிறாங்களான்னு கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. மத்த ரெண்டு பேர் அடி வாங்கும்போதும் அதே சிரிப்பு வருதான்னு பாருங்க. வந்தா, நீங்க ஏற்கெனவே உள்ள இருக்கீங்க. உங்களை மட்டும்தான் குத்துறாங்கன்னா அது வேற விஷயம், அதுக்கு இந்த எபிசோட்ல பதில் இல்ல. மறுபடி எழுதுங்க, பேசுவோம்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே டிவில ஆடும்போது நீங்க ஸ்னாப்புக்கு முன்னாடி மாத்துறதை அவரும் கவனிக்கலாம். அதனால எல்லாத்துக்கும் ஹாட் ரூட்டை நம்பாதீங்க. முதல்லயே ஒரு ஸ்லாண்டும் ஒரு ஃபிளாட்டும் இருக்கிற பிளேவா தேர்ந்தெடுத்துட்டா எதையும் மாத்த வேண்டாம்.

இந்த வார வேலை

சுருக்கமா சொல்லிடுறேன். வர்றவங்களை எண்ணு. நேரமா, இடமான்னு முடிவு பண்ணு. உள்ள இருந்து வெளிய அடை. காலியான இடத்துக்குப் போடு. அங்க ஆள் நின்னா ரெண்டாவது ஆள். பின்னாடி ஓடாதே.

திங்கள், செவ்வாய் முதல் ரெண்டு கட்டம். புதன் மூணாவது. வியாழன், வெள்ளி கலந்து அடிக்கிறது. சனிக்கிழமை ஒரே ஒரு சூழ்நிலையை மட்டும் ஆடுங்க: மூணாவது டவுன், ஏழு யார்டு போகணும். எல்லாரும் பிளிட்ஸ் அனுப்ப ஆசைப்படுற நேரம் அதுதான். அரை மணிக்கு மேல போகாதீங்க. கண் சோர்ந்துட்டா எண்ணிக்கை தப்பும், தப்பா எண்ணிப் பழகுறதுக்குப் பழகாமலே இருக்கலாம். பரீட்சை, அசைன்மெண்ட் எல்லாம் அப்படியேதான் இருக்கு, அதையும் பாருங்க.

மேடன் ஆடாதவங்களே, உங்க கேம்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். செஸ்ல ஒரே ஓபனிங்ல அடி வாங்குறீங்களோ, ஃபைட்டிங் கேம்ல ஒரே காம்போல விழுறீங்களோ, அதை எழுதி அனுப்புங்க. எது வருதுன்னு மட்டும் போதாது, வரும்போது எதிராளி எதைக் காலி பண்றார்ங்கிறதையும் சேர்த்து எழுதுங்க. நல்ல மெயிலா ரெண்டு மூணு எடுத்து அடுத்த வாரம் பேசலாம்.